காப்புக் கட்டிய இரண்டு சென்ட்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் வரும் சண்டைகளைப் படித்துவிட்டு, இத்தனை வயதாகியும் இந்தம்மாவுக்குப் பொறுமை இல்லையே என்று யாரும் அங்கலாய்க்க வேண்டாம். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். வரிசை கோணினால் எனக்குப் பொறுக்காது. நோட்டில் மார்ஜின் போடாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னுடைய தோட்டம் இன்றைக்கு இருக்கிற கோலத்தைப் பழைய மாணவிகள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஊரில் இதைப் போல இன்னொன்று இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற கையோடு கோயம்புத்தூரில் வடவள்ளி தாண்டி ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்தோம். வீட்டுக்குக் கிழக்கே இரண்டு சென்ட் இடம் மிஞ்சியது. நான் அதைத் தோட்டம் என்றேன். என் கணவர் கார் நிறுத்தும் இடம் என்றார். அவருக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. பட்டறைக்கென்று ஒரு பழைய வண்டி, ஆசைப்பட்டு வாங்கிய புது வண்டி ஒன்று. போர்டிகோவில் ஒன்றுதான் நிற்கும். புது வண்டி தெருவில் புங்க மரத்தடியில் நின்று நாள் தவறாமல் காக்கை எச்சத்தில் குளித்தது. காலையில் அவர் ஈரத்துணியோடு போய் அதைத் துடைத்துவிட்டு வந்து, காபி டம்ளரும் கையுமாகக் கிழக்கு ஜன்னலில் நின்று பெருமூச்சு விடுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

முதல் இரண்டு வருடம் நான் அடித்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டு நர்சரிகளில் என் தலையைக் கண்டாலே நாற்காலி போடுவார்கள். ரோஜா, டேலியா, ஊட்டியில் பூக்கிற பேர் தெரியாத ஊதாப்பூ என்று கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். கயிறு பிடித்து, ஒன்றரை அடிக்கு ஒரு குழி போட்டு, ராணுவ அணிவகுப்பு மாதிரி நட்டேன். எங்கள் மண்ணோ கல்லும் சுண்ணாம்பும் கலந்தது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகிவிடும். செடிக்குப் போர் தண்ணீர், அது வெறும் உப்பு. டேலியா பத்தே நாளில் மண்டையைப் போட்டது. ரோஜா ஒரு மொட்டு விட்டது. மருதமலைப் பக்கமிருந்து இறங்கி வரும் மயில் அதைத் தின்றுவிட்டுப் போனது. மயிலை விரட்டப் பழைய சேலையைக் கொடியில் கட்டினால், அது சேலைக்கு முன்னால் நின்று தோகை விரித்து ஆடுகிறது.

"இது தோட்டமில்ல புள்ள, செடிங்களுக்கு ஐ.சி.யூ." என்றார் என் கணவர். "பேசாம பேவர் பிளாக் போட்டரலாம். மயிலு வந்தாலும் கால் சுடும், ஓடிப்போயிரும்."

நான் அன்றைக்கு அவருக்குச் சட்னி வைக்கவில்லை.

அந்த வருடம் சித்திரையில் எனக்கு வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. கை காதுக்கு மேலே போகவில்லை. தலை வாருவதே பெரும்பாடு. டாக்டர் ஆறு மாதத்துக்குக் கொத்து, கடப்பாரை, குடம் எதையும் தொடக் கூடாது என்றார். கூட வந்திருந்த என் கணவர், "வாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். நான் இருவரையும் முறைத்தேன்.

இப்படித்தான் அந்த இரண்டு சென்ட்டும் கேட்பாரற்றுப் போனது. தண்ணீர் விட ஆளில்லை, களை எடுக்க ஆளில்லை. மிச்சமிருந்த ரோஜாக்களும் வைகாசியில் கருகின. நான் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். பார்த்தால் வயிறு எரிந்தது.

ஆனியில் மலைக்காற்றோடு நாலு தூறல் விழுந்தது. ஒருநாள் ஏதோ வாசனை என்று ஜன்னலைத் திறந்தேன். அந்திமந்தாரை! யாரும் நடவில்லை, விதை போடவில்லை. மண்ணுக்குள் கிழங்கு கிடந்திருக்கிறது. நான் கயிறு பிடித்துக் குழி தோண்டியபோதெல்லாம் கொத்திக் கொத்தி எறிந்திருக்கிறேன். கொத்த ஆளில்லை என்றதும் எழுந்து நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் நித்தியகல்யாணி, கல்லிடுக்கில். கம்பி வேலியில் சங்குப்பூ. போர் குழாய் ஒழுகுகிற இடத்தில் தூதுவளை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஆவாரை, சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகச் சிறுபூளை. எல்லாம் வருடக்கணக்காய் வாழ்கிற செடிகள், ஒருமுறை வேர் பிடித்தால் போகாதவை. உப்புத் தண்ணீரும் வேண்டாம், நல்ல தண்ணீரும் வேண்டாம், என் தயவும் வேண்டாம். மயில் கூட நடுவில் வந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எங்கே கொத்துவது என்று அதற்கே புரியவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டு வருடம் நான் உயிரைக் கொடுத்து வளர்த்ததெல்லாம் செத்தது. நான் உயிரைக் கொடுத்துப் பிடுங்கியதெல்லாம் பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் வெட்கம் ஒரு வாரம்தான். அப்புறம் பேராசை வந்துவிட்டது. இவை இங்கேயே இருக்க வேண்டும், இப்படியே இருக்க வேண்டும் என்று நான் நினைத்த அளவுக்கு, என் சொந்த வீட்டைப் பற்றிக் கூட நினைத்ததில்லை.

என் கணவருக்கு அது புதராகத்தான் தெரிந்தது. ஆடி பிறந்ததும் பேவர் பிளாக் போடுகிறவரைக் கூட்டி வந்து அளவு எடுக்க வைத்தார். நான் டேப்பின் மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றேன்.

"காலை எடு."

"எடுக்க மாட்டேனுங்க."

"பாம்பு வரும்."

"வந்தா நான் பேசிக்கறேனுங்க."

வந்தவர் பாவம், டேப்பை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். கடைசியில் என் கணவர்தான் இறங்கி வந்தார். "சரி. தை பொறக்கற வரைக்கும் விடறேன். அதுக்குள்ள நாலு பேரு பாத்து இது தோட்டம்னு சொல்றாப்பல இருந்தா, நான் கல்லு பேச்சே எடுக்கறதில்ல. பொதராட்ட இருந்துச்சுன்னா, பொங்கல் முடிஞ்ச மறுநாள் கல்லு எறங்கும். அப்ப நீ டேப்பை மிதிக்கக் கூடாது." சொன்ன சொல் மாறாத மனுஷர். நானும் சரி என்றேன். ஆறு மாதம் இருக்கிறது, ஆறு மாதத்தில் இந்தச் செடிகள் எங்கேயோ போய்விடும் என்று எனக்குத் திமிர்.

புரட்டாசிக் கடைசியில் என் கணவரின் அக்கா பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்தார். எங்கள் வழக்கப்படி எனக்கு நங்கை முறை. கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் கழிந்து, டாக்டரிடம் காட்ட வந்திருந்தார். எழுபதை நெருங்குகிறவர். வாழ்நாள் முழுக்க மண்ணில் நின்றவர். அவர் குடும்பத்தில் வயலில் களை நிற்பதென்றால், கல்யாண வீட்டில் கிழிந்த சட்டையோடு நிற்பதைப் போல. வழியில் போகிறவன் பார்த்துவிடுவானே என்று கூலியாளுக்குக் காத்திராமல் தானே இறங்கிவிடுவார்கள்.

வந்த அன்று சாயங்காலம் அவருக்கு அந்த இடத்தைக் காட்டினேன். இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏன் அம்மணி, இதையெல்லாம் எப்ப எடுக்கறே?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, நங்கையா, இது களையல்ல, இதுதான் தோட்டம் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டரையே முறைக்கிற எனக்கு இதைச் சொல்ல வரவில்லை. கணவருக்கு மூத்தவர், வீட்டுக்கு வந்த விருந்தாளி, அவர் களை என்று சொன்னதை நான் இல்லை என்பதா? எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. "கை சரியாகட்டுங்க நங்கையா," என்று சொல்லிவைத்தேன். ஐயோ பாவம், இவளுக்கு எடுக்க ஆசை, கைதான் முடியவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறென்ன எடுத்துக்கொள்வார்?

மறுநாள் காலையில் நான் பிசியோதெரபிக்குப் போய், அப்படியே ஒரு கல்யாண வரவேற்பிலும் தலையைக் காட்டிவிட்டு, பகல் ஒரு மணிக்கு வந்தேன். கேட்டைத் திறந்ததும் கிழக்குப் பக்கம் வெளிச்சமாக இருந்தது. அவ்வளவு வெளிச்சம் இருக்கக் கூடாதே என்று ஓடினேன்.

மொட்டைத் தரை. ஆவாரையை அரிவாளால் அடியோடு அறுத்து, பூளையைக் கொத்தால் செதுக்கி, சங்குப்பூக் கொடியை வேலியிலிருந்து உருவி, எல்லாவற்றையும் ஒரு மூலையில் போராகக் குவித்து வைத்திருந்தார். குழாயடியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்த நங்கை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சுத்தமா எடுத்துப்போட்டேன் அம்மணி. கண்ணு இப்பத்தான் பளிச்சுனு தெரியுது. தெரிஞ்சதும் மொதல்ல உன்ற களைதான் தெரிஞ்சுது. ஒறம்பரை சனம் வந்தா என்ன நெனப்பாங்க, சொல்லு?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. இருந்தும் வாயில் வந்தது இதுதான்: "ரொம்ப நல்லா இருக்குதுங்க நங்கையா. யாருங்க உங்களை எடுக்கச் சொன்னதுங்க? நான் நாலு மாசமா உசுரா வெச்சிருந்ததைங்க, நீங்க ஒரே காலையில முடிச்சுப்போட்டீங்களேங்க!" கோபம் ஏற ஏற 'ங்க' கூடிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் ஒருவர் வாக்கியத்துக்கு மூன்று 'ங்க' போட்டால் ஒதுங்கி நிற்பது நல்லது. நங்கைக்கு அது தெரியும். முகம் வாடிவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "நீதானே அம்மணி கை சரியாகட்டும்னே," என்று மெல்லச் சொன்னார். அவர் சொன்னது நிஜம். நிஜம் என்பதால் இன்னும் கோபம் வந்தது. உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

மறுநாளே அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். என் கணவர் காபி டம்ளரோடு கிழக்கு ஜன்னலில் வந்து நின்றார். பெருமூச்சு இல்லை. "சுத்தமாயிருச்சு. கல்லுக்காரரை இப்பவே வரச் சொல்லிப்போடட்டுமா?"

"தை பொறக்கலீங்க."

"அங்க என்ன இருக்குதுன்னு தை வரைக்கும் பாக்கணும்?"

"என்னமோ இருக்குதுங்க. நீங்க சொன்ன சொல்லு இருக்குதுல்ல?"

அவர் போய்விட்டார். நான் அந்தக் குவியலின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். மனசாற அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் கவனித்தேன்: அறுத்த ஆவாரையின் அடிக்கட்டை தரையோடு தரையாக நின்றது. இழுத்துப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. மழை இல்லாமல் மண் இரும்பாக இறுகிக் கிடந்ததால் நங்கையின் கொத்து மேலாகத்தான் செதுக்கியிருக்கிறது. ஐப்பசி மழை மட்டும் பத்து நாள் முந்தி வந்திருந்தால், அத்தனையும் வேரோடு கையில் வந்திருக்கும். குவியலை அகற்ற எனக்குக் கை முடியாது. இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தரை முழுக்கப் பரப்பிவிட்டேன். செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்புறம் மழை வந்தது. இரவு பகலாகக் கொட்டியது. மூன்றாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆவாரைக் கட்டையைச் சுற்றிப் பச்சைப் பொட்டுகள். ஒரு கம்பு நின்ற இடத்தில் ஐந்து, ஆறு துளிர். எண்ணினேன். மறுநாளும் எண்ணினேன். அந்திமந்தாரை மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. அறுத்துப் போட்டிருந்த பூளையின் விதையெல்லாம் சருகுக்கடியில் முளைத்து, பழைய வேரும் தழைத்து, எது தாய் எது பிள்ளை என்று தெரியாமல் கலந்துவிட்டது. சங்குப்பூ வேலியைப் பிடித்தது. கார்த்திகை தீபத்தன்று விளக்கு வைக்கப் போனால் கால் வைக்க இடமில்லை. மார்கழி பிறந்ததும் ஆவாரை பூத்தது பாருங்கள், அப்பப்பா! இரண்டு சென்ட்டும் மஞ்சள். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வேறு. பூ எது, பூச்சி எது என்று கிட்டப் போனால்தான் தெரியும். பாம்பு வரும் என்று முன்பு முகம் சுளித்த எதிர் வீட்டம்மா மொட்டை மாடியிலிருந்து துணி காயப்போடுகிற சாக்கில் நின்று பார்த்தார். என் கணவர் மட்டும் எப்போதும் போலக் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போவார். பொங்கலுக்குப் பிறகு வரும்படி கல்லுக்காரரிடம் அவர் பேசியது என் காதில் விழுந்தது.

மார்கழிக் கடைசி நாள் எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டு. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டு நிலையில், மாட்டுக் கொட்டகையில், விவசாய நிலத்தில் வைப்போம். டவுனில் இருக்கிறவர்கள் கடைத்தெருவில் கட்டாக வாங்குவோம். அன்று காலையில் என் கணவர் வாங்கப் புறப்பட்டார். "எதுக்குங்க?" என்று கிழக்கே கையைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

எட்டு மணிக்கு எதிர் வீட்டம்மா வந்தார். "ஏனுங்க டீச்சர், கடையில எல்லாம் வாடிப்போனதா இருக்குதுங்க. உங்க தோட்டத்துல ரெண்டு கொத்து கெடைக்குமுங்களா?" தோட்டம் என்று அவர் சொன்னதும், என் கணவர் பேப்பருக்கு மேல் நிமிர்ந்து பார்க்கிறாரா என்று பார்த்தேன். பேப்பர் அசையவில்லை. வெட்டிக் கொடுத்தேன். அந்தம்மா போய் யாரிடம் சொன்னாரோ, தெருவே வந்துவிட்டது. பதினோரு வீட்டுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு கொத்தை அறுக்கும்போதும் எனக்குள் ஒரு கணக்கு: இன்னும் எவ்வளவு மிச்சம், பட்டறைக்குப் போன இவர் சாயங்காலம் வந்து பார்க்கும்போது மறுபடி மொட்டையாகத் தெரியுமோ? ஆனால் பண்டிகைக்குப் பூ கேட்டு வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் குறைந்த மாதிரியே இல்லை.

பதினொன்றரைக்குக் கேட்டில் நங்கை. மூன்று மாதம் போனில் கூடப் பேசாதவர், முறுக்குத் தூக்குப்போசியோடு நின்றார். "எங்க பக்கம் எல்லாம் தென்னையாப் போச்சு அம்மணி. வரப்புக்கெல்லாம் மருந்தடிச்சு ஆவாரை ஒண்ணு கூட இல்ல. காப்புக்கு ரெண்டு கொத்து வாங்கிட்டுப் பொழுதோட பஸ்ஸுக்குப் போயரலாம்னு வந்தேன். குடுப்பியா?" என்றவர், கிழக்கே பார்த்து வாயில் கைவைத்துக்கொண்டார். "அட சாமி! நான் வெட்டுனதுக்கு ரெண்டு பங்கு வந்திருக்குதே!"

"வந்திருக்குதுங்க நங்கையா," என்றேன், கொஞ்சம் இறுமாப்போடு.

அவர் சுற்றி வந்து ஒரு செடியின் அடியைத் தடவினார். "நான் தரையோட வெட்டிவிட்டதுனாலதான் அம்மணி இப்புடி வெடிச்சிருக்குது. வருசா வருசம் வந்து வெட்டிவிட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. மொதல்லயே இது களையில்லைன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கணுமுங்க," என்றேன். "போச்சாது உடு," என்றார்.

சாப்பிட்டதும் இருவருமாக உட்கார்ந்து காப்புகளைக் கட்டினோம். நாலு மணிக்கு என் கணவர் வந்து நிலைக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று, இரண்டு வண்டிக்கும் ஒவ்வொன்று என்று கட்டினார். பட்டறைக்கு ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். பஸ்ஸுக்குக் கிளம்பிய நங்கை அவர் கட்டுவதையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். எதிர் வீட்டம்மாவும் தம் வீட்டு வாசலில் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நான் தட்டத்தை எடுத்தபோது, "இன்னொண்ணு குடு," என்றார் என் கணவர்.

"எல்லாத்துக்கும் கட்டியாச்சுங்களே."

அவர் அதை வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செடிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வடகிழக்கு மூலைக்குப் போனார். விளைகிற நிலத்துக்கு அந்த மூலையில்தான் வைப்போம். ஒரு குச்சியை ஊன்றி, காப்பை அதில் கட்டி, ஒரு நிமிடம் கும்பிட்டார். நங்கையும் நின்ற இடத்திலேயே கும்பிட்டார்.

அங்கேயே நின்றபடி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஏனுங்க, நான்தானுங்க. பொங்கல் முடிஞ்சு நம்ம ஊட்டுக்கு வரேன்னீங்கல்ல, வர வேண்டாமுங்க. கல்லு போட எடமில்லீங்க." எதிர்முனையில் கல்லுக்காரர் ஏதோ கேட்டார் போலிருக்கிறது. என் கணவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கு அளந்தீங்களே, அந்த எடந்தானுங்க. அங்க எங்க தோட்டம் இருக்குதுங்க," என்றார்.

நான் கேட்டேன். நங்கையும் கேட்டார், எதிர் வீட்டம்மாவும் கேட்டார். சாட்சி இருக்கிறது.